பேட்டரி கசிந்தால், டெர்மினல் பூத்தால்

விடியற்காலை மூன்று மணிக்கு மார்க்கெட்டுக்குக் கிளம்ப வேண்டிய வண்டி. மூட்டை ஏற்றியாகிவிட்டது. சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. செல்ஃப் எடுக்கவில்லை. நாலு பேர் கூடித் தள்ளி ஸ்டார்ட் செய்து அனுப்பிவிடுகிறார்கள். மறுநாளும் இதே பாடு. மூன்றாம் நாள் ‘பேட்டரி போச்சு’ என்று முடிவு கட்டி, புதிய பேட்டரிக்குப் பணம் புரட்டுகிறார்கள். பல வண்டிகளில் போயிருப்பது பேட்டரி இல்லை. டெர்மினலுக்கும் கிளாம்புக்கும் நடுவே பூத்திருக்கும் உப்புதான் மின்சாரத்தை மறித்துக்கொண்டிருக்கிறது.

குட்டி யானை என்று நாம் சொல்லும் டாடா ஏஸ், பொலிரோ பிக்கப், தோஸ்த் என்று 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி உள்ள எந்தச் சரக்கு வண்டிக்கும் இந்த அத்தியாயம் பொருந்தும். சிலவற்றில் பேட்டரி போனட்டுக்குள் இருக்கும். சிலவற்றில் சரக்குத் தளத்துக்குக் கீழே, சேஸி ஓரத்தில் இருக்கும். வேலை ஒன்றுதான்.

உப்பைத் துடைப்பது பாதி வேலை. அது எந்த வழியாக வந்தது என்று கண்டுபிடிப்பது மீதிப் பாதி. ‘சுத்தம் செய்தேன், ஒரே மாதத்தில் திரும்பப் பூத்துவிட்டது’ என்று சொல்பவர்கள் அந்த மீதியை விட்டவர்கள்.

அந்த உப்பு என்ன?

பேட்டரிக்குள் இருப்பவை ஈயத் தகடுகளும், தண்ணீர் கலந்த கந்தக அமிலமும். சார்ஜ் ஏறும்போது தண்ணீரில் ஒரு பகுதி ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிகிறது. அந்த வாயு அமிலப் பிசிறையும் கூடவே தூக்கிக்கொண்டு மூடித் துளை வழியாகவும் டெர்மினலின் அடி வழியாகவும் வெளியேறுகிறது. அமிலம் ஈயத்தில் பட்டால் வெள்ளைப் பொடி, செம்பில் பட்டால் நீலப்பச்சை, இரும்பில் பட்டால் துரு. டெர்மினலுக்கும் கிளாம்புக்கும் இடையே இந்தப் பொடி நுழைந்துவிட்டாலும் லைட் எரியும், ஹாரன் அடிக்கும். செல்ஃப் மோட்டார் கேட்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மட்டும் போய்ச் சேராது.

இவ்வளவு தெரிந்தால் போதும்.

தொடங்கும் முன்: உயிரும் கண்ணும்

ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். பீடி, சிகரெட், ஊதுபத்தி, பக்கத்தில் வெல்டிங் எதுவும் வேண்டாம். வண்டிகள் நிறுத்தும் ஒரு செட்டில், செல்லுக்குள் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க ஒருவர் லைட்டரைப் பற்றவைத்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பேட்டரியின் மேல்பாகம் வெடித்துச் சிதறியது. மூக்குக் கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. கன்னமும் கழுத்தும் வெந்துபோயின. அன்றிலிருந்து, செல்போன் டார்ச் இல்லாமல் பேட்டரிப் பக்கம் குனிய நான் யாரையும் விடுவதில்லை.

- மோதிரம், காப்பு, கைக்கடிகாரம், தொங்கும் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். ஸ்பேனரும் மோதிரமும் சேர்ந்து ஷார்ட் ஆனால் மோதிரம் பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும்.
- ரப்பர் கையுறையும், பக்கவாட்டு மறைப்பு உள்ள பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம்.
- பழைய சட்டை போடுங்கள். பருத்தித் துணியில் பட்ட அமிலம் அப்போது தெரியாது. துவைத்த பிறகுதான் ஓட்டை ஓட்டையாகத் தெரியும்.
- வேலை தொடங்கும் முன்பே இரண்டு வாளி நிறையச் சுத்தமான தண்ணீரும் ஒரு மக்கும் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். குழாயடி பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.
- குழந்தைகளை அண்டவிடாதீர்கள்.

அமிலம் பட்டுவிட்டால்: தோலில் பட்டால் அந்தத் துணியைக் கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்து, விடாமல் 20 நிமிடம் தண்ணீர் ஊற்றிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். கழுவிக்கொண்டிருக்கும்போதே வேறொருவர் 108-ஐ அழைக்கட்டும். சோடா கரைசலைக் கண்ணில் ஊற்றவே கூடாது. அது பேட்டரிக்கும் இரும்புக்கும் மட்டும்தான்.

கழுவுவதற்கு முன் பாருங்கள்

கழுவிவிட்டால் தடயமும் போய்விடும். அதனால் முதலில் நாலு பக்கமும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு இவற்றைக் கவனியுங்கள்.

*மூடிகளைச் சுற்றி ஈரம், மேல்பாகம் முழுக்கப் பிசுபிசுப்பு.* தண்ணீரை மேல் கோட்டுக்கும் மேலே ஊற்றியிருக்கிறார்கள், அல்லது ஆல்டர்னேட்டர் அளவுக்கு மீறி சார்ஜ் ஏற்றுகிறது. பேட்டரியைக் காப்பாற்றலாம்.

*ஒரு டெர்மினலின் அடியில் மட்டும் பொங்கிப் பூத்திருக்கிறது.* டெர்மினல் பெட்டியோடு சேரும் இடத்தின் அடைப்பு விட்டிருக்கிறது. கிளாம்பைச் சுத்தியலால் தட்டி இறக்கும் பழக்கம் இதற்கு முக்கியக் காரணம். தட்டித்தான் இறங்கும் என்றால் அந்தக் கிளாம்ப் அளவு சரியில்லை, அல்லது போதிய அளவு விரிக்கப்படவில்லை. சுத்தம் செய்து கவனித்துக்கொண்டால் பேட்டரி இன்னும் கொஞ்ச காலம் ஓடும்.

*பெட்டியின் பக்கத்தில் கோடு, அடித்தட்டில் ஈரம், ஒரே ஒரு செல்லில் மட்டும் தண்ணீர் திரும்பத் திரும்ப இறங்குகிறது.* இது விரிசல். பேட்டரியைப் பிடிக்கும் பட்டை தளர்ந்து, மேடு பள்ளத்தில் பெட்டி குதித்துக் குதித்து விரிசல் விட்டிருக்கலாம். அடியில் சிக்கிய சரளைக்கல்லும் இதைச் செய்யும். பட்டையை வெறிகொண்டு இறுக்கினாலும் பெட்டி விடும்.

*பக்கங்கள் உப்பியிருக்கின்றன.* அதிகச் சூட்டிலும் அதிகச் சார்ஜிலும் உள்ளே கெட்டுப்போன பேட்டரி.

கடைசி இரண்டுக்கும் மருந்து இல்லை. விரிசலில் எம்-சீல் வைத்து ஒட்டுவதை நம் ஊரில் எங்கும் பார்க்கலாம். அமிலத்தில் நனைந்த பிளாஸ்டிக்கில் பசை சரியாகப் பிடிக்காது. பிடித்தாலும் வண்டி ஆடுகிற ஆட்டத்தில் விடும். அதற்குள் கசிந்த அமிலம் தட்டையும் சேஸியையும் தின்றிருக்கும். பேட்டரியை மாற்றுங்கள். விரிசல் விட்டதையோ உப்பியதையோ சார்ஜில் போடவும் வேண்டாம், வேறு வண்டியிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்யவும் வேண்டாம்.

மீன் வண்டிக்காரர்களுக்கு: மீன், ஐஸ் பெட்டி ஏற்றும் வண்டியில் பேட்டரி தளத்துக்குக் கீழே இருந்தால், பலகை இடுக்கு வழியாக உப்புத் தண்ணீர் நேராக அதன் மேல் சொட்டும். அமிலக் கசிவே இல்லாமலும் கிளாம்ப் அரித்துப்போகும். பேட்டரி மூடியைத் தொலைத்துவிட்டு ஓட்டாதீர்கள். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அந்த இடத்தை அலசிவிடுங்கள்.

கழற்றும் வரிசை

இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

1. வண்டியைச் சமதளத்தில், காற்றோட்டமான இடத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் சாவியை அணைத்ததும் உடனே பேட்டரியைக் கழற்றக் கூடாது. கணினிப் பெட்டி தன் வேலையை முடிக்க ஐந்து நிமிடமாவது விடுங்கள். உங்கள் வண்டியின் கையேடு அதிக நேரம் சொன்னால் அதைக் கேளுங்கள்.

2. பிளஸ் எது, மைனஸ் எது என்று உறுதி செய்யுங்கள். கேபிளின் நிறத்தை நம்பாதீர்கள்; முன்னால் கை வைத்தவர் கிடைத்த ஒயரைப் போட்டிருக்கலாம். பெட்டியில் உள்ள + − குறியைப் பாருங்கள். பிளஸ் டெர்மினல் மைனஸைவிடச் சற்றுத் தடியாக இருக்கும்.

3. மைனஸ் கிளாம்பை முதலில் கழற்றுங்கள். பெரும்பாலும் பத்தாம் நம்பர் ஸ்பேனர் சேரும். மைனஸ் சேஸியோடு எர்த் ஆகியிருக்கிறது. பிளஸை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் பாடியில் பட்டால் அப்படியே ஷார்ட் ஆகித் தீப்பொறி பறக்கும். மைனஸ் கழன்றுவிட்டால் அந்த ஆபத்து இல்லை.

4. கிளாம்ப் இறுகிப்போயிருந்தால் நெம்பாதீர்கள், தட்டாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஆப்ப சோடாவைக் கரைத்து ஊற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு போல்ட்டைத் தளர்த்தி, கிளாம்பின் பிளவில் ஸ்குரூ டிரைவர் முனையை வைத்து லேசாக விரித்து, மேல்நோக்கி ஆட்டி எடுங்கள்.

5. பிளஸ் கிளாம்பைக் கழற்றுங்கள். இரண்டு கேபிளும் தானாக வளைந்து வந்து டெர்மினலைத் தொடாதபடி, பழந்துணி சுற்றி ஓரமாகக் கட்டி வையுங்கள்.

6. பிடிக்கும் பட்டையைக் கழற்றி, பேட்டரியை நிமிர்ந்த நிலையிலேயே இரண்டு கையாலும் தூக்குங்கள். 15 முதல் 20 கிலோ இருக்கும்; பெரிய டீசல் வண்டியில் இன்னும் கூட. மார்போடு அணைத்துத் தூக்காதீர்கள். அமிலம் சட்டையில்தான் வடியும். இறக்கி பிளாஸ்டிக் தட்டிலோ பழைய டயர் மேலோ வையுங்கள்.

பேட்டரியைக் கழுவுதல்

அரை லிட்டர் தண்ணீருக்கு மூன்று மேசைக்கரண்டி ஆப்ப சோடா. கடையில் சமையல் சோடா என்று கேட்டாலும் இதைத்தான் தருவார்கள். சலவை சோடா வேறு. அது தோலை அரிக்கும், தவிருங்கள்.

1. மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். மூடியில் உள்ள காற்றுத் துளைகள் மேல் டேப் ஒட்டுங்கள். சோடா ஒரு சொட்டுகூட செல்லுக்குள் போகக் கூடாது. போனால் உள்ளே இருக்கும் அமிலத்தையே முறித்துவிடும்.

2. கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்யுங்கள். நுரைத்துப் பொங்கும். அமிலம் முறிகிறது என்று அர்த்தம்.

3. நுரை அடங்கியதும் மறுபடி ஊற்றுங்கள். புதிதாக ஊற்றியும் நுரை வரவில்லை என்றால்தான் அமிலம் தீர்ந்தது.

4. நல்ல தண்ணீரில் அலசி, துணியால் ஒற்றிக் காயவையுங்கள். டேப்பை எடுத்துவிட மறக்காதீர்கள். துளை அடைபட்டபடி சார்ஜ் ஏறினால் வாயு வெளியேற வழியில்லாமல் பெட்டி வெடிக்கும்.

5. டெர்மினலையும் கிளாம்பின் உள்பக்கத்தையும் கம்பி பிரஷ்ஷாலோ உப்புத்தாளாலோ ஈயம் பளபளக்கும் வரை தேய்யுங்கள். ஈரமாக வைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது. ஈயத் தூள் மூச்சிலும் வாயிலும் போனால் உடம்பில் தங்கிவிடும் நஞ்சு. வாயால் ஊதாதீர்கள். வேலை முடிந்து சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டீ கிளாஸைக்கூடத் தொடாதீர்கள்.

கொதிநீரும் கோலாவும்: டெர்மினல் மேல் சுடுதண்ணீர் ஊற்றுவது ஊரறிந்த வைத்தியம். உப்பு கரையும் என்பது உண்மை. ஆனால் அமிலம் முறியாது. கரைந்து வழிந்து அடித்தட்டிலும் சேஸியிலும் போய்த் தங்கும். கோலா பானமும் உப்பைக் கரைக்கும். அதுவே அமிலம், கூடவே சர்க்கரை. காய்ந்தபின் பிசுக்கில் தூசி அப்பும். ஒரு பொட்டலம் ஆப்ப சோடா வாங்க முடியாத ஊர் எது?

மறந்துபோகும் இடம்: தட்டும் சேஸியும்

பேட்டரியைத் தூக்கியவுடன் அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெயின்ட் உரிந்து, தகடு செதில் செதிலாக எழும்பியிருந்தால் அமிலம் நெடுநாளாக வேலை செய்திருக்கிறது. பிரேக் பைப், டீசல் பைப், ஒயரிங் கட்டு பக்கத்தில் போகிறதா என்று பாருங்கள். பிரேக் பைப்பில் அரிப்பு தெரிந்தால் அதை மாற்றாமல் வண்டியை எடுக்காதீர்கள். பேட்டரி செத்தால் வண்டி நிற்கும். பிரேக் பைப் விட்டால் வண்டி நிற்காது.

இங்கேயும் அதே சோடா கரைசல்தான், நுரை அடங்கும் வரை. அலசி நன்றாகக் காயவிடுங்கள். செதிலைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்து, ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட், அது காய்ந்தபின் பெயின்ட் இரண்டு கோட். ஸ்குரூ டிரைவரால் குத்தினால் தட்டு ஓட்டை விழுகிறது என்றால் புதுத் தட்டுதான் வழி. பேட்டரியையும் கேபிளையும் வண்டியிலிருந்து எடுத்துத் தூரமாக வைத்த பிறகே வெல்டிங் வைக்க விடுங்கள்.

பேட்டரி அடியில் ஒரு ரப்பர் விரிப்பு போடுங்கள். அதிர்வு குறையும்.

கேபிள் உள்ளே அரித்திருக்கிறதா?

கிளாம்ப் பளபளப்பாக இருந்தும் செல்ஃப் இழுக்கவில்லை என்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். கிளாம்பிலிருந்து ஒரு சாண் தூரம் வரை விரலால் அழுத்தி வளைத்துப் பாருங்கள். நொறுநொறுவென்று சத்தம் வந்தாலோ, ஒரு இடம் மட்டும் விறைத்தோ உப்பியோ இருந்தாலோ, அமிலம் இழைகளுக்கு நடுவே ஏறிச் செம்பை நீலப் பொடியாக்கியிருக்கிறது. சிவந்த செம்பு தெரியும் வரை வெட்டிப் புது முனை போடலாம். நீளம் போதாவிட்டால் கேபிளையே மாற்றுங்கள். ஒட்டுப்போட வேண்டாம். எர்த் கேபிளின் மறுமுனை சேஸியிலும் இன்ஜினிலும் முடுக்கப்பட்டிருக்கும் இடத்தையும் கழற்றித் தேய்த்து முடுக்குங்கள். பேட்டரிப் பக்கம் மட்டும் சுத்தம் செய்துவிட்டு இந்த முனையை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

மாட்டும் வரிசை

1. பேட்டரியைத் தட்டில் நிமிர்த்தி உட்காரவைத்து, பட்டையை முடுக்குங்கள். கையால் ஆட்டினால் அசையக் கூடாது. பெட்டி பிதுங்கவும் கூடாது.
2. முதலில் பிளஸ். கிளாம்ப் டெர்மினலின் அடிவரை இறங்கட்டும்.
3. கடைசியாக மைனஸ். சின்னப் பொறி வரலாம், பயப்பட வேண்டாம். பெரிதாக வந்தால் ஏதோ ஒரு சுவிட்ச் போட்டபடி இருக்கிறது, நிறுத்திப் பாருங்கள்.
4. இரண்டும் முடுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். முதலில் கிரீஸை அப்பிவிட்டு கிளாம்பை மாட்டும் பழக்கத்தை விடுங்கள். ஈயமும் ஈயமும் நேராகத் தொட வேண்டும். தடவுவது வெளிக்காற்றும் அமில ஆவியும் படாமல் இருக்க மட்டும்.

மீதிப் பாதி: ஏன் பூத்தது?

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள்.

வண்டி சில மணி நேரம் ஓடாமல் நின்றபின் 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ். 12.2 ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி.

செல்ஃப் அடிக்கும்போது ஒருவர் சாவியைப் பிடிக்க, நீங்கள் மீட்டரைப் பாருங்கள். 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை அல்லது பேட்டரியே தளர்ந்துவிட்டது. அடுத்து, மீட்டரின் ஒரு முனையை டெர்மினல் ஈயத்திலும் மறுமுனையை அதன் மேல் உள்ள கிளாம்பிலும் வைத்து மறுபடி செல்ஃப் அடியுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்பு இன்னும் சுத்தமாகவில்லை.

இன்ஜின் ஓடும்போது 13.8-இலிருந்து 14.5 வரை இருக்க வேண்டும். 14.8-ஐத் தாண்டுகிறது என்றால் ரெகுலேட்டர் பழுது. அமிலம் கொதித்து வெளியே தள்ளப்படுகிறது. எத்தனை முறை கழுவினாலும் திரும்பப் பூக்கும். ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. ஒரு முனையை மைனஸ் டெர்மினலில் வைத்து, மறுமுனையைப் பெட்டியின் மேல்பரப்பில் இழுத்துக்கொண்டே போங்கள். வோல்ட் காட்டினால் கண்ணுக்குத் தெரியாத அமிலப் பூச்சு அங்கே இருக்கிறது. வண்டி நிற்கும்போதும் சார்ஜ் அதன் வழியே வடிகிறது. மறுபடி கழுவுங்கள்.

தண்ணீர் ஊற்றுவதில் நடக்கும் தவறுகள்

மூடி திறக்கும் பேட்டரி என்றால் கோடை மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். போர் தண்ணீர், கேன் தண்ணீர், ஏசியிலிருந்து வடியும் தண்ணீர் எதுவும் ஆகாது. தகட்டுக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் நின்றால் போதும். சார்ஜ் இறங்கிய பேட்டரியில் மேல் கோடு வரை நிரப்பாதீர்கள். சார்ஜ் ஏறும்போது மட்டம் உயர்ந்து வெளியே வழியும். தகடு வெளியே தெரிந்தால் அது மூழ்கும் அளவு மட்டும் ஊற்றி, சார்ஜ் ஏறியபின் மீதியை நிரப்புங்கள். ‘பவர் ஏறும்’ என்று அமிலம் ஊற்றச் சொல்வார்கள். ஆவியாகிப் போவது தண்ணீர். அமிலம் உள்ளேயே இருக்கிறது. அதன் மேல் அமிலம் சேர்த்தால் தகடுதான் கரையும்.

பழைய பேட்டரியை என்ன செய்வது?

தீர்ந்துபோன பேட்டரியை அமிலத்தோடு, நிமிர்ந்தபடியே, பேட்டரிக் கடையில் கொடுங்கள். விரிசல் விட்டதென்றால் பிளாஸ்டிக் பேசினுக்குள் வைத்து, சுற்றிலும் ஆப்ப சோடா தூவிக் கொண்டுபோங்கள். புதியது வாங்கும்போது பழையதுக்கு விலை கழித்துக்கொடுப்பார்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்திருக்கின்றன.

எடை குறையட்டும் என்றோ, ஈயத்துக்கு விலை கூடக் கிடைக்கும் என்றோ, அமிலத்தைச் சாக்கடையிலோ வேலியோரத்திலோ கொட்டிவிட்டு பெட்டியை உடைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த அமிலத்தில் கரைந்த ஈயமும் இருக்கிறது. அது மண்ணில் தங்கும், அங்கே விளையாடும் பிள்ளைகளின் கை வழியாக வாய்க்குப் போகும். அந்த வேலையை நீங்கள் செய்யாதீர்கள். உங்கள் பேட்டரியை அப்படி உடைப்பவரிடம் கொடுக்கவும் கொடுக்காதீர்கள்.